ரெட்டினா மேக்புக் ப்ரோவில் இடம் போதவில்லையா? 2012–2015 மாடல்களுக்கான கேள்வி பதில்

2012 முதல் 2015 வரை வந்த ரெட்டினா திரை மேக்புக் ப்ரோ இன்னமும் செகண்ட் ஹேண்டில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. திரை இன்றைக்கும் குறை சொல்ல முடியாதது, கீபோர்டும் நல்ல கீபோர்டு. உள்ளே எஸ்எஸ்டியில் (எல்லாவற்றையும் சேமிக்கும் சிப் பலகை) இருக்கும் 128 ஜிபி, 256 ஜிபிதான் எந்த மூலைக்கும் காணாது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

அண்ணா, லேப்டாப் அடியில ஏ1398னு போட்டிருக்கு. இதுக்கு எந்த எஸ்எஸ்டி வாங்கணும்?

அந்த எண்ணை மட்டும் நம்பி எதையும் ஆர்டர் போடாதீர்கள். 2012-இல் வந்த 15 அங்குல ரெட்டினாவும் ஏ1398தான், 2015-இல் வந்ததும் ஏ1398தான். உள்ளே இருக்கும் சாக்கெட் வேறு வேறு. ஆப்பிள் மெனுவில் அபௌட் திஸ் மேக், அங்கிருந்து சிஸ்டம் ரிப்போர்ட் போய், ஹார்டுவேர் பக்கத்தில் மாடல் ஐடென்டிஃபையர் என்ற வரியைப் பாருங்கள்.

10,1 அல்லது 10,2 என்று இருந்தால் அது 2012 அல்லது 2013 தொடக்கத்து மாடல். உள்ளே சாட்டா (பழைய, மெதுவான இணைப்பு முறை), 7+17 பின் சாக்கெட். 11,1, 11,2, 11,3 என்றால் 2013 கடைசி அல்லது 2014. 12,1 என்றால் 2015-இன் 13 அங்குலம். 11,4, 11,5 என்றால் 2015-இன் 15 அங்குலம். 2013 கடைசி முதல் 2015 வரையிலான இந்த மூன்று வகைகளிலும் பிசிஐஇ (வேகமான இணைப்பு முறை), 12+16 பின் சாக்கெட். கடைக்காரர் “எல்லா ரெட்டினாவுக்கும் இது போடலாம்” என்றால் அவரிடம் வாங்காதீர்கள்.

8 ஜிபி ராம் இருக்கு. 16 ஆக்க முடியுமா சார்?

முடியாது. ராம் மதர்போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டது. வாங்கும்போது என்ன இருந்ததோ அதோடுதான் கடைசி வரை. செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் சேமிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் 16 ஜிபி ராம் உள்ளதைத் தேடுங்கள். எஸ்எஸ்டியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், ராமை முடியாது.

ஏற்கெனவே 8 ஜிபி வைத்திருப்பவர்கள் ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் வரைபடத்தைப் பாருங்கள். பச்சையிலேயே ஓடினால் கவலை வேண்டாம். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் போய்விட்டு வந்தால் ராமுக்குப் பதிலாக டிஸ்க்கைப் பயன்படுத்துகிறது என்று அர்த்தம். அப்போது வேகமான, கால்வாசியாவது காலியாக உள்ள எஸ்எஸ்டி கொஞ்சம் கைகொடுக்கும். ராமுக்கு அது ஈடாகாது.

என்னுடையது 2014. சாதாரண எம்.2 என்விஎம்இ போட்டால் வேலை செய்யுமா? எந்த வேகம் கிடைக்கும்?

செய்யும். எம்.2 என்பது எஸ்எஸ்டியின் வடிவம், என்விஎம்இ என்பது அது பிசிஐஇ வழியாகப் பேசும் முறை. நடுவில் ஒரு சின்ன அடாப்டர் வேண்டும்: ஒரு பக்கம் ஆப்பிளின் 12+16 பின், மறுபக்கம் எம்.2 எம்-கீ. சின்டெக் என்ற பெயரில் வருவது பல காலமாகப் புழங்கி நம்பிக்கை பெற்றது. எஸ்எஸ்டி 2280 அளவு (22 மிமீ அகலம், 80 மிமீ நீளம்), எம்-கீ (பின் வரிசையில் உள்ள வெட்டின் வகை), என்விஎம்இ. எம்.2 வடிவத்திலேயே சாட்டா எஸ்எஸ்டியும் விற்கிறார்கள். அது இந்த சாக்கெட்டில் வேலை செய்யாது. சிப்புகள் ஒரே பக்கத்தில் மட்டும் இருக்கும் எஸ்எஸ்டி என்றால் மூடி உரசாமல் உட்காரும்.

வேகத்தைப் பொறுத்தவரை: 2013 கடைசி, 2014 மாடல்களிலும் 2015-இன் 13 அங்குலத்திலும் பிசிஐஇ 2.0, நான்கு லேன் (தகவல் போகும் பாதைகள்). நடைமுறையில் வினாடிக்கு 1,500 எம்பி அளவோடு நின்றுவிடும். 2015-இன் 15 அங்குலம் மட்டும் பிசிஐஇ 3.0, அதில் 3,000 வரை எதிர்பார்க்கலாம். ஆகவே 7,000 எம்பி என்று பெட்டியில் அச்சிட்ட ஜென் 4 (பிசிஐஇ 4.0) எஸ்எஸ்டிக்குக் காசைக் கொட்டுவதில் பயனில்லை. வேலை செய்யும், ஆனால் அந்த வேகம் வராது. சூடும் பேட்டரிச் செலவும்தான் மிச்சம். அதே பணத்துக்கு ஜென் 3-இல் அடுத்த கொள்ளளவு கிடைத்தால் அதை எடுங்கள்.

சாம்சங் 970 ஈவோ பிளஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் வந்தவை மேக்கில் கெர்னல் பேனிக் (சிஸ்டமே திடீரென்று முடங்குவது) கொடுத்தன. 2019-இல் வந்த ஃபர்ம்வேரில் (எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அது சரியானது. பழைய ஸ்டாக் கையில் இருந்தால் முதலில் ஏதாவது ஒரு விண்டோஸ் கணினியில் மாட்டி ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டு மேக்குக்குக் கொண்டுவாருங்கள்.

புது எஸ்எஸ்டி போட்டேன் அண்ணா, ஆன் பண்ணா கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் மட்டும் மின்னுது. டிஸ்க் யுட்டிலிட்டியிலயும் தெரியல.

இரண்டு காரணங்களில் ஒன்று.

முதலாவது, பழைய ஃபர்ம்வேர். வெளிக் கம்பெனி என்விஎம்இயை மேக் அடையாளம் காணத் தொடங்கியது மேக்ஓஎஸ் 10.13 ஹை சியராவில்தான். லேப்டாப்பின் பூட் ரோமும் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் ஃபர்ம்வேர்) அந்தக் காலத்துக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்பு மேக்ஓஎஸ் இன்ஸ்டாலரோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே ஒரிஜினல் ஆப்பிள் எஸ்எஸ்டி உள்ளே இருக்கும்போதே ஹை சியராவோ அதற்குப் பிந்தையதோ ஒருமுறை முழுதாக இன்ஸ்டால் செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூடிரைவர். இதைச் செய்யாமல் எஸ்எஸ்டியை மாற்றி, இன்டர்நெட் ரெக்கவரியில் போனால், சில சமயம் வாங்கிய காலத்து மேக்ஓஎஸ், மேவரிக்ஸ், வந்து நிற்கும். அதற்கு என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது. உங்களுக்கு நடந்தது இதுவென்றால் பழைய எஸ்எஸ்டியைத் திரும்ப மாட்டி அங்கிருந்து தொடங்குங்கள். இன்ஸ்டாலரை 16 ஜிபி பென்டிரைவில் முன்கூட்டியே தயாரித்து வைத்தால் ரெக்கவரியை நம்பி இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அடாப்டர் முழுதாக உட்காரவில்லை. அடாப்டருக்கும் எஸ்எஸ்டிக்கும் நடுவில், அடாப்டருக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில், இரண்டு இடத்திலும் அழுத்திப் பாருங்கள். வேலை செய்யத் தொடங்கிய பிறகும் சிஸ்டம் ரிப்போர்ட்டில் என்விஎம்எக்ஸ்பிரஸ் பகுதிக்குப் போய் லிங்க் விட்த் எக்ஸ்4 என்று இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்2, எக்ஸ்1 என்று காட்டினால் பின் சரியாகத் தொடவில்லை. கழற்றி மறுபடி மாட்டுங்கள். அதே பக்கத்தில் ட்ரிம் (அழித்த இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் வசதி) சப்போர்ட் “யெஸ்” என்று இருக்கும்.

டிஸ்க் யுட்டிலிட்டியில் இன்னொரு சிக்கல்: வியூ மெனுவில் “ஷோ ஆல் டிவைசஸ்” தேர்ந்தெடுக்காவிட்டால் ஃபார்மட் ஆகாத புது டிஸ்க் கண்ணில் படாது. தேர்ந்தெடுத்ததும் மேல் வரியில் உள்ள டிஸ்க்கையே பிடித்து ஜியுஐடி பார்ட்டிஷன் மேப், ஏபிஎஃப்எஸ் என்று அழியுங்கள்.

கழற்றும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை, சரியான கருவி இருந்தால். பி5 பென்டலோப் ஸ்க்ரூடிரைவர் அடி மூடிக்கு, டி5 டார்க்ஸ் எஸ்எஸ்டிக்கு. பி5-க்குப் பதில் சின்ன ஃபிளாட் டிரைவரை வைத்து நெம்பினால் ஸ்க்ரூ தலை வழுக்கிவிடும், பிறகு டிரில்தான்.

லேப்டாப்பை ஷட் டவுன் செய்து கவிழ்த்து வையுங்கள். மூடியில் 10 ஸ்க்ரூ. கீல் பக்கம் நடுவில் இருக்கும் இரண்டும் மற்ற எட்டைவிடக் குட்டை. ஒரு தாளில் லேப்டாப் வடிவம் வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு போனால் மாறாது. மூடியின் நடுவில் பிளாஸ்டிக் கிளிப் பிடித்திருக்கும். கீல் பக்கத்திலிருந்து விரலால் தூக்கினால் டக்கென்று விடும்.

அடுத்த வேலை பேட்டரி கனெக்டர். இதைத் தாண்டிப் போகாதீர்கள். மின்சாரம் இருக்கும்போது எஸ்எஸ்டியை உருவினால் போர்டே போய்விடலாம். கனெக்டரின் இரு ஓரத்திலும் பிளாஸ்டிக் ஸ்பட்ஜரால் (தட்டையான நெம்பும் குச்சி) மேல்நோக்கித் தூக்கி, அது தானாகத் திரும்பத் தொடாதபடி லேசாக வளைத்து விடுங்கள். பிறகு எஸ்எஸ்டியின் நுனியில் உள்ள ஒற்றை டி5 ஸ்க்ரூ. அதை எடுத்ததும் எஸ்எஸ்டி நுனி சற்றே எழும்பும். அந்தச் சாய்விலேயே நேராக உருவ வேண்டும். இன்னும் நிமிர்த்தினால் சாக்கெட் உடையும்.

புதியதை அடாப்டரில் முதலில் கோத்து, இரண்டையும் சேர்த்து அதே சாய்வில் செருகி, நுனியை அழுத்தி அதே ஸ்க்ரூவை முடுக்குங்கள். அடாப்டரில் வெளியே தெரியும் உலோகப் பின்கள் மேல் காப்டன் டேப் ஒரு துண்டு ஒட்டினால் ஷார்ட் ஆகும் பயமில்லை. செல்லோ டேப் வேண்டாம், சூட்டில் பசை இளகும்.

2013 கடைசி மாடல். எல்லாம் நன்றாக ஓடுகிறது. ராத்திரி மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்தால் மட்டும் கறுப்புத் திரை, பிறகு ரீஸ்டார்ட். எஸ்எஸ்டி கெட்டுப்போனதா?

கெடவில்லை. 2013, 2014 மாடல்களில் என்விஎம்இ போட்ட எல்லோருக்கும் வருவது. மூடிய லேப்டாப் முதலில் சாதாரணத் தூக்கத்துக்குப் போகும். அப்போது ராமுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். சில மணி நேரம் கழித்து ராமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். திரும்ப எழும்போது அதை டிஸ்க்கிலிருந்து படிப்பது மேக்ஓஎஸ் அல்ல, பூட் ரோம். இந்த இரண்டு வருட மாடல்களின் பூட் ரோமில் உள்ள என்விஎம்இ டிரைவருக்கு அந்த வேலை தெரியாது. அதனால்தான் கொஞ்ச நேரம் மூடித் திறந்தால் ஒன்றும் ஆவதில்லை, ராத்திரி முழுக்க மூடினால் மாட்டிக்கொள்கிறது.

டெர்மினலைத் திறந்து ஆங்கிலச் சின்ன எழுத்தில் இதை அடியுங்கள்: sudo pmset -a hibernatemode 0 standby 0 பாஸ்வேர்டு கேட்கும். முடிந்ததும் pmset -g அடித்தால் இரண்டும் 0 என்று காட்ட வேண்டும். மேக்ஓஎஸ் புதிதாக இன்ஸ்டால் செய்தால் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. மூடி வைத்திருக்கும்போதும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முழுதாகத் தீர்ந்தால் சேமிக்காத வேலை போச்சு. இரண்டு மூன்று நாள் தொடப்போவதில்லை என்றால் ஷட் டவுன் செய்துவிடுங்கள். இந்த வம்பே வேண்டாம் என்பவர்கள் எஸ்எஸ்யூபிஎக்ஸ் வகை ஆப்பிள் எஸ்எஸ்டி ஒன்றைக் கழற்றி விற்பவர்களிடம் வாங்கலாம். அது என்விஎம்இ அல்ல, ஏஹெச்சிஐ என்ற பழைய முறை. 2013 கடைசி மாடலிலிருந்து 2015 வரை எல்லாவற்றிலும் அடாப்டர் இல்லாமல் உட்காரும், தூக்கச் சிக்கலும் இல்லை. ஜிபிக்குக் கொடுக்கும் காசு அதிகம், அவ்வளவுதான். 2015 மாடல்களில் என்விஎம்இயே ஒழுங்காகத் தூங்கி எழும்.

அண்ணை, என்னட்டை 2012 15 இஞ்சி ரெட்டினா கிடக்கு. இதுக்கு என்விஎம்இ போடேலாதோ?

போட முடியாது. உங்களுடையது சாட்டா. எம்.2 சாட்டா எஸ்எஸ்டியை 7+17 பின் அடாப்டரில் வைத்துப் போடலாம், அல்லது இதற்கென்றே வந்த டிரான்சென்ட் ஜெட்டிரைவ் 725 கிடைத்தால் எடுக்கலாம். 13 அங்குலத்துக்கு 720. வேகம் வினாடிக்கு 500 எம்பியை ஒட்டி. மாற்றியதும் டெர்மினலில் sudo trimforce enable என்று அடித்து ட்ரிம்மை இயக்குங்கள். சாட்டாவில் வெளிக் கம்பெனி எஸ்எஸ்டிக்கு அது தானாக வராது. இந்த மாடலுக்கு ஆப்பிள் தந்த கடைசி மேக்ஓஎஸ் கேட்டலினா என்பதையும் கணக்கில் வையுங்கள். அதில் பெரிய காசைப் போட நான் சொல்லமாட்டேன். 500 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கழற்றாமலே இடம் கூட்ட வழி இல்லையா?

எஸ்டி கார்டு ஸ்லாட் இருக்கிறதே. சாதாரணக் கார்டு பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஜெட்டிரைவ் லைட் வகை உள்ளேயே அடங்கிவிடும்: 13 அங்குலத்துக்கு 330, 15 அங்குலத்தில் 2012 மற்றும் 2013 தொடக்கத்துக்கு 350, அதற்குப் பிந்தைய 15-க்கு 360. மாற்றி வாங்கினால் பொருந்தாது. படிக்கும் வேகம் அதிகபட்சம் 95 எம்பிதான். பாட்டு, படம், பழைய பிடிஎஃப் வைக்க நல்லது. ஃபோட்டோஸ் லைப்ரரியை அங்கே வைத்தால் நொண்டும்.

யூஎஸ்பியில் வைப்பதாக இருந்தால் நினைவிருக்கட்டும், போர்ட் 5 ஜிபிபிஎஸ். 10 ஜிபிபிஎஸ் என்று விற்கும் வெளி எஸ்எஸ்டியும் இங்கே 400 எம்பி சொச்சம்தான் தரும். தண்டர்போல்ட் 3 டிரைவை ஆப்பிளின் 3-டு-2 அடாப்டரில் மாட்டலாம் என்று கிளம்பாதீர்கள். அந்த அடாப்டர் டிரைவுக்கு மின்சாரம் தராது. தனி பவர் உள்ள டிரைவ் என்றால் மட்டுமே ஓடும்.

பழைய டேட்டாவை எப்படிக் கொண்டுவருவது? பழைய எஸ்எஸ்டிக்கு கேஸ் கிடைக்குமா?

ஆப்பிள் எஸ்எஸ்டிக்குத் தனி கேஸ் வேண்டும், விலையும் அதிகம். டைம் மெஷினில் ஒரு முழு பேக்கப் எடுத்து, புது எஸ்எஸ்டியில் மேக்ஓஎஸ்ஸைச் சுத்தமாகப் போட்டு, மைக்ரேஷன் அசிஸ்டன்டில் திரும்ப எடுப்பதுதான் எளிது. மேக்ஓஎஸ் பிக் சர் முதல் சிஸ்டம் வால்யூம் சீல் வைக்கப்பட்டது. அப்படியே குளோன் செய்து பூட் ஆக்குவதற்கு மல்லுக்கட்ட வேண்டாம். பழைய எஸ்எஸ்டியை ஒரு மாதமாவது விற்காமல் வையுங்கள்.

திறக்கும்போது வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

பேட்டரி. செல் உப்பியிருந்தால் டிராக்பேட் சரியாக அழுந்தாது, மூடியும் மேசையில் தட்டையாக உட்காராது. அப்படி இருந்தால் எஸ்எஸ்டி வேலையை நிறுத்திவிட்டு முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். 2015-இன் 15 அங்குலத்தில், முக்கியமாக 2015 செப்டம்பர் முதல் 2017 பிப்ரவரி வரை விற்றவற்றின் பேட்டரி அதிகமாகச் சூடாகி ஆபத்தாகலாம் என்று 2019 ஜூனில் ஆப்பிளே திரும்பப் பெறும் அறிவிப்பு கொடுத்தது. சீரியல் நம்பரைக் கொடுத்து ஆப்பிளிடம் சரிபாருங்கள். பேட்டரி பசை போட்டு ஒட்டியது. உலோகக் கத்தியால் நெம்பினால் செல் கிழிந்து தீப்பிடிக்கும்.

2017 மாடல் வாங்கலாம் என்று இருக்கிறேன். அதிலும் இப்படி மாற்றலாமா?

டச் பார் உள்ளது என்றால் முடியாது, எஸ்எஸ்டியும் சால்டர். 2016, 2017-இன் டச் பார் இல்லாத 13 அங்குலத்தில் மட்டும் கழற்றும் எஸ்எஸ்டி உண்டு, ஆனால் அதன் கனெக்டர் வேறு; மேலே சொன்ன அடாப்டர் எதுவும் பொருந்தாது. வாங்கும்போதே தேவையான கொள்ளளவோடு வாங்குங்கள்.