பைக் பந்தய வீரரின் பூர்வீக ஊர்: 400 டாலர் கட்டும் முன்

கேள்வி: அர்ஜென்டினாவின் பழைய மோட்டார் பைக் பந்தய வீரர் பெனடிக்டோ கால்டரெல்லாவைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 1962-ல் புவனோஸ் ஐரிஸில் நடந்த அர்ஜென்டினா கிராண்ட் பிரிக்ஸ் 500 சிசி பந்தயத்தை மேட்ச்லெஸ் வண்டியில் வென்றவர். பெயர் இத்தாலியப் பெயர். அவருடைய முன்னோர் இத்தாலியில் எந்த ஊர்க்காரர்கள் என்று தெரிய வேண்டும். 400 டாலர் கட்டினால் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழையும் குடும்ப இலச்சினையையும் எடுத்துத் தருவதாக இணையத்தில் ஓர் ஏஜென்ட் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். கப்பல் ஏறி வந்தவர் வீரரின் அப்பாவா, தாத்தாவா, கொள்ளுத்தாத்தாவா என்பதே இன்னும் உங்கள் கையில் இல்லை. அதற்குள் ‘தாத்தாவின் சான்றிதழ்’ என்று விலை சொல்பவர், அதே பெயருள்ள யாரோ ஒருவரின் தாளை எடுத்துக் கொடுப்பார். முத்திரை அசலாக இருக்கும், கையெழுத்து அசலாக இருக்கும், ஆள் மட்டும் வேறாக இருப்பார். இந்தத் துறையில் அதிகம் நடக்கும் ஏமாற்று இதுதான். இலச்சினை பற்றிக் கேட்கவே வேண்டாம். இலச்சினை ஒரு குறிப்பிட்ட வம்சத்துக்கு உரியது. ஒரு குடும்பப் பெயர் உள்ள எல்லோருக்கும் பொதுவானது அல்ல. இத்தாலியின் 1948 அரசியலமைப்பு பிரபுப் பட்டங்களையே அங்கீகரிப்பதில்லை. பெயரைத் தட்டினால் கேடயமும் சிங்கமும் அச்சடித்துத் தருவது அச்சகத் தொழில், வம்சாவளி ஆராய்ச்சி அல்ல. குடும்பப் பெயர் இத்தாலியில் எங்கே அடர்த்தியாக இருக்கிறது என்று வண்ணம் தீட்டிக் காட்டும் வரைபடங்களும் அப்படித்தான். அவை இன்று அந்தப் பெயரோடு இருப்பவர்களைக் காட்டும். உங்கள் ஆள் எந்த ஊரில் பிறந்தார் என்று காட்டாது.

முதலில் பெயரைச் சரிபாருங்கள். பந்தயப் பத்திரிகைகள் போடும் பெயர் பதிவேட்டில் இருக்கும் பெயராக இருக்க வேண்டியதில்லை. வெனிசுலாவின் ஜானி செகோட்டோவுக்குப் பிறப்புப் பெயர் ஆல்பெர்ட்டோ. 1973-ல் ஸ்பெயின் கிராண்ட் பிரிக்ஸ் 350 சிசியை வென்ற பிரேசில்காரர் ஆடு செல்சோவின் முழுப்பெயர் எட்வர்டோ செல்சோ சாந்தோஸ். ‘செல்சோ’வைக் குடும்பப் பெயர் என்று நினைத்துத் தேடினால் ஆயுள் முழுக்கத் தேடலாம்.

பெயர் உறுதியானதும் இத்தாலிக்குப் போகாதீர்கள். அர்ஜென்டினாவிலேயே இருந்து, வீரரிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறுங்கள். வீரரின் சொந்தப் பிறப்புப் பதிவைத் துரத்த வேண்டாம். அது அண்மைக் காலத்துப் பதிவு, வெளியாளுக்குக் கிடைப்பது கடினம். உங்களுக்கு வேண்டியது குடியேறி வந்தவரின் திருமணப் பதிவு. அவர் அர்ஜென்டினாவில் கல்யாணம் செய்திருந்தால், ஊர்ப் பெயர் இருக்க வாய்ப்புள்ள முதல் தாள் அதுதான்.

புவனோஸ் ஐரிஸ் நகரில் சிவில் பதிவு, அதாவது பிறப்பு, திருமணம், இறப்பை அரசு பதிவது, 1886-ல் தொடங்கியது, சிவில் திருமணச் சட்டம் 1888-ல் வந்தது. ஆகவே அந்தக் காலத்துக்குப் பிந்தைய கல்யாணம் பெரும்பாலும் இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கும்: பதிவு அலுவலகத்தில் ஒன்று, பங்குக் கோயிலில் ஒன்று. சிவில் எழுத்தர் ‘இத்தாலியானோ’ என்று ஒரே சொல்லோடு முடித்துவிடுவார். பங்குத் தந்தைக்கோ மாப்பிள்ளை ஊரில் ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா என்ற கவலை இருந்தது. அதனால் ‘நாத்துரால் தே’ (‘இன்ன ஊரில் பிறந்தவர்’) என்று எழுதி ஊர்ப் பெயரையும் கேட்டுச் சேர்ப்பதுண்டு. கோயில் பதிவையே முதலில் பாருங்கள்.

பதிவு அலுவலகங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தலைநகரத்துக்கு ஒரு பதிவுத்துறை, 23 மாகாணங்களுக்கும் தனித்தனிப் பதிவுத்துறை. நாடு முழுவதற்கும் ஒரே பெயர்ப் பட்டியல் கிடையாது. விண்ணப்பித்தால் பதிவு எண், தொகுதி எண், ஏட்டு எண், ஆண்டு எல்லாம் கேட்கிறார்கள். அந்த விவரமெல்லாம் தேடுகிற தாளில்தான் இருக்கிறது! தாளைக் காட்டினால்தான் தாளைத் தருவேன் என்கிற இந்த முறைதான் ஏஜென்ட்டுகளுக்குச் சோறு போடுகிறது. இதைச் சுற்றிக்கொண்டு போக வழி ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளம். கணக்குத் தொடங்கக் காசு இல்லை. அர்ஜென்டினாவின் பங்குக் கோயில் பதிவேடுகளின் படங்கள் ஏராளமாக அதில் உள்ளன. 1869, 1895 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களையும் பெயர் போட்டுத் தேடலாம். 1895 தாளில் ஊர் இருக்காது, நாடுதான் இருக்கும். ஆனால் குடும்பத்தில் யார் இத்தாலியில் பிறந்தார், யார் அர்ஜென்டினாவில் பிறந்தார் என்பது தெரியும். மூத்த பிள்ளை இத்தாலி, இளைய பிள்ளை அர்ஜென்டினா என்றிருந்தால் வந்த காலம் அந்த இரண்டு வயதுக்கும் நடுவே.

கல்யாணத்துக்கு முன் கோயிலில் தயாரித்த விசாரணைக் கட்டில், ஊரிலிருந்து வரவழைத்த ஞானஸ்நானச் சான்றே இருப்பதுண்டு. புவனோஸ் ஐரிஸ் தலைமை மறைமாவட்டக் காப்பகத்தில் இருந்தவை 1955 ஜூன் 16 இரவு நடந்த தீவைப்பில் எரிந்துபோயின. அங்கிருந்து ‘அசல் கட்டு’ எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

பெயரைத் தேடும்போது காதால் தேடுங்கள். எழுத்தர் ஸ்பானிஷ் பேசுபவர், கேட்டபடி எழுதுவார். கால்டரெல்லாவில் இத்தாலியர் இரண்டு ‘எல்’ போடுவார். ஸ்பானிஷில் இரட்டை ‘எல்’ ‘ய’ போல ஒலிக்கும் என்பதால் எழுத்தர் ஒன்றோடு நிறுத்திவிடுவார். நடுவிலுள்ள ‘ஏ’ (a) ‘ஈ’ (e) ஆகும். சி, ஏ, எல் மூன்று எழுத்தைப் போட்டுப் பின்னால் நட்சத்திரக் குறி வைத்தால் இத்தனை உருவமும் ஒருசேர வரும். முதற்பெயரும் மாறும்: ஜொவான்னி ஹுவான் ஆவார், ஜுசெப்பே ஹோசே, வின்சென்சோ விசென்தே, பெனடெட்டோ பெனடிக்டோ. இத்தாலியில் தேடும்போது மறக்காமல் திருப்பிப் போடுங்கள்.

புவனோஸ் ஐரிஸில் உள்ள செம்லா ஆய்வு மையத்தின் கப்பல் வருகைப் பட்டியலில் வயது, தொழில், கப்பல், துறைமுகம் கிடைக்கும். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘தெரியாது’ என்றுதான் இருக்கும். ஜெனோவா என்று இருந்தால் துள்ளாதீர்கள். அது கப்பல் ஏறிய துறைமுகமாக இருக்கலாம்.

மாவட்டம் தெரிந்து ஊர் தெரியவில்லை என்றால் இத்தாலியில் ராணுவ ஆள்சேர்ப்புப் பட்டியல் இருக்கிறது. ‘லிஸ்தே தி லேவா’ என்பார்கள். பிறந்த ஆண்டுவாரியாக எல்லா ஆண்பிள்ளைகளும் அதில் வருவார்கள், கடல் தாண்டிப் போனவர்கள் உட்பட. அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த ஊர் எல்லாம் இருக்கும். அந்தந்த மாவட்ட அரசுக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஊர் தெரிந்துவிட்டால் ஆன்டெனாட்டி என்ற அரசுத் தளத்தில் பிறப்புப் பதிவேட்டுப் படங்களை இலவசமாகப் புரட்டலாம். 1866 முதல் பத்தாண்டுக்கு ஒரு பெயர்ப் பட்டியல் உண்டு. அதைப் பிடித்தால் ஆண்டு ஆண்டாகத் தேட வேண்டாம். தெற்கே நேப்பிள்ஸ் பகுதியில் 1809 முதலும் சிசிலியில் 1820 முதலும் சிவில் பதிவு இருக்கிறது.

இத்தாலியின் வடகிழக்குக்கு மட்டும் இது பொருந்தாது. இங்கேதான் பலர் மாதக்கணக்கில் முட்டிக்கொள்கிறார்கள். வெனெத்தோவும் ஊதினேயும் 1866-ல் இத்தாலியோடு சேர்ந்தன, ஆனால் அங்கே சிவில் பதிவு தொடங்கியது 1871-ல். அதற்கு முன் பிறந்தவருக்குக் கோயில் புத்தகம்தான் ஆதாரம். கொரீசியா, திரியெஸ்தே, திரெந்தோ பகுதிகள் 1918 வரை ஆஸ்திரியாவின் கீழ் இருந்தன. அங்கே பிறப்பைப் பதிந்தது பங்குத் தந்தை, அரசு அலுவலகம் அல்ல. அந்த ஊர்க்காரர் 1900-ல் புவனோஸ் ஐரிஸில் இறங்கினால் ‘ஆஸ்திரியர்’ என்று எழுதப்பட்டிருப்பார். அதே ஆள் 1925-ல் மகன் கல்யாணத்தில் ‘இத்தாலியர்’. இரண்டு தாளையும் பார்த்துவிட்டு இரண்டு பேர் என்று முடிவு செய்யாதீர்கள். அந்தப் பகுதி என்றால் மறைமாவட்டக் காப்பகத்துக்கு எழுதுங்கள். திரெந்தோ மட்டும் 1815 முதல் 1923 வரையிலான பிறப்புகளை இணையத்தில் தேடவே வசதி செய்திருக்கிறது.

கடைசியாக, பிறந்த ஊரின் இத்தாலிய நகராட்சிக்கு எழுதும் கடிதம். 2025 முதல், நூறாண்டு தாண்டிய அடுத்தவர் பதிவுக்கு ஒரு தாளுக்கு 300 யூரோ வரை கட்டணம் வாங்க நகராட்சிகளுக்கு அனுமதி உண்டு. ஆண்டும் பெயரும் துல்லியமாகக் கொடுத்தால் அவர்கள் குறைக்கலாம். அதனால்தான் ஆன்டெனாட்டியில் முதலில் தேடச் சொல்கிறேன். படமே கிடைத்துவிட்டால் கடிதமே வேண்டாம். எழுத நேர்ந்தால் ‘செர்த்திஃபிகாத்தோ’ என்ற சுருக்கச் சான்றிதழைக் கேட்காதீர்கள், அதில் பெற்றோர் பெயர் வராது. ஏஜென்ட் தருவதும் பெரும்பாலும் அதுதான். ‘கோப்பியா இன்டெக்ராலே’ என்று முழுப் பிரதி கேளுங்கள். பதிவாகி 70 ஆண்டு கடந்தால் யார் வேண்டுமானாலும் அதைப் பெறலாம். கடிதம் இத்தாலிய மொழியில், ஐந்து வரிக்குள் இருக்கட்டும்: இத்தாலிய உருவில் பெயர், பிறந்த ஆண்டு, அப்பா, அம்மா, வரலாற்று ஆய்வுக்காக என்ற குறிப்பு. இரண்டு மாதத்தில் பதில் இல்லையென்றால் நகராட்சியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதே பதிவேட்டின் இரண்டாம் பிரதி மாவட்ட அரசுக் காப்பகத்தில் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.