‘டைலரின் கவனக்குறைவு’ என்று எழுதி முடிக்காதீர்கள்: மூலகாரணம் தேடுவது பற்றிக் கேள்வி பதில்

திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளின் தரப்பிரிவில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். பழுதின் வேரைக் கேட்டும் பார்த்தும் கண்டுபிடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

காரணம் தேடும்போது ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ‘ஏன்?’ என்று சரியாக 5 முறை கேட்க வேண்டுமா?

வேண்டியதில்லை. டொயோட்டா கார் நிறுவனத்தின் உற்பத்திப் பொறியாளர் டைச்சி ஓனோ சொன்ன உதாரணம் 5 படிகளில் முடிந்ததால் அந்த எண் நிலைத்துவிட்டது. இயந்திரம் நின்றது, சுமை கூடி ஃபியூஸ் போயிருந்தது. பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. எண்ணெய்ப் பம்ப் சரியாக இறைக்கவில்லை. பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. வடிகட்டி இல்லாததால் இரும்புத்துகள் உள்ளே போயிருந்தது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் மறுபடியும் நின்றிருக்கும். திருத்தக்கூடிய இடம் வரும்வரை கேளுங்கள். ஒவ்வொரு பதிலையும் நேரில் போய்ப் பார்த்த பிறகே அடுத்த ‘ஏன்’.

டி-சட்டைகளின் நீளம் குறைகிறது. சாத்தியமான காரணங்களைக் கிளை கிளையாக எழுதும் மீன்முள் வரைபடம் போட்டோம். ‘டைலரின் கவனக்குறைவு’ என்று முடிந்தது. அடுத்து என்ன செய்வது?

அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். இதே பழுதோடு நான் ஒரு மாதம் போராடியிருக்கிறேன். கூட்டத்தில் எல்லோரும் டைலர்களையே சொன்னார்கள். பழுது எங்கே இருக்கிறது என்று கேட்டதை நிறுத்தி, எங்கே இல்லை என்று தேடினேன். அதே டைலர்கள், அதே லைன். ஆனால் திங்கட்கிழமை வெட்டிய பீஸ்களில் மட்டும் அளவு சரியாக இருந்தது.

இரவு கட்டிங் பிரிவில் போய் நின்றேன். காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்குவதைக் குறைக்கும் இயந்திர வேலை) முடிந்த துணி டெம்போவில் 9 மணிக்கு வந்தது. ரோலைப் பிரித்தவுடன் மேசையில் அடுக்கி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். ரோலில் இழுபட்டுக் கிடந்த பின்னல் துணி, விரித்துப் போட்டால்தான் சுருங்கித் தன் நிலைக்கு வரும். அதற்கு ஒரு நாளாவது வேண்டும். சனிக்கிழமை வந்த துணிக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. மற்ற நாள் துணி வெட்டிய பிறகு சுருங்கியது.

கட்டிங் மாஸ்டருக்கு இது முன்பே தெரியும். மேலாளர் போன பிறகு, டீ குடிக்கும்போது சொன்னார்: “விரித்துப் போட இடமும் இல்லை, நேரமும் இல்லை சார். யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.” நேரம் ஏன் இல்லை என்று தொடர்ந்து போனதில், சாயமிட்ட துணியின் நிறத்துக்கு ஒப்புதல் தாமதமாகி, துணியே தாமதமாக வருவதில் வந்து நின்றது. டைலர் பக்கம் ஒரு தவறும் இல்லை.

மனிதத் தவறே மூலகாரணமாக இருக்கக் கூடாதா? தூங்கியவரைத் தூங்கினார் என்று எழுதினால் என்ன தவறு? (கோவை, பம்ப் ஆலை)

எழுதுங்கள், ஆனால் நடந்ததாக எழுதுங்கள், காரணமாக அல்ல. அவர் இடத்தில் நல்ல தொழிலாளி ஒருவரை நிறுத்தினாலும் இதே நடக்குமா என்று கேளுங்கள். இரட்டை ஷிப்ட் பார்த்த யாரும் தூங்குவார்கள்.

அப்படியானால் யாருக்குமே பொறுப்பில்லையா? அளக்காமலே அளவு எழுதும் செக்கரை (பீஸ்களைச் சரிபார்ப்பவரை) என்ன செய்வது? (மீண்டும் கோவை)

பொறுப்பு உண்டு. தெரிந்தே ஏமாற்றுபவரும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் தண்டனையையும் காரணம் தேடுவதையும் ஒரே மேசையில் வைத்தால் உண்மை வெளியே வராது. அந்தச் செக்கர் பக்கத்தில் அரை நாள் உட்காருங்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்ற இலக்குக்குள் ஒவ்வொன்றையும் அளக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாது என்றால், அளந்தவர் திட்டு வாங்கியிருப்பார், அளக்காதவர் பாராட்டு வாங்கியிருப்பார்.

நான் செக்கராக இருந்தவள். நீங்கள் சொன்ன பாராட்டை நானும் வாங்கியிருக்கிறேன். (கரூர்)

நன்றி அம்மா. கோவைக்காரருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

7 பேரிடம் பேசியதில் 60 குறிப்புகள் சேர்ந்துவிட்டன. எப்படித் தொகுப்பது?

நேபாளத்தில் கள ஆய்வு செய்த ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவகிடாவின் முறை உதவும். ஒரு சீட்டில் ஒரு செய்தி, சொன்னவரின் சொல்லிலேயே எழுதுங்கள். ஒத்துப்போகும் சீட்டுகளை அருகருகே வைத்து, கடைசியில் தலைப்பு எழுதுங்கள். தலைப்பை முதலில் எழுதினால், முன்பே நம்பியதுதான் கிடைக்கும்.

எந்த மென்பொருள் வாங்கலாம்?

வாங்க வேண்டாம். சீட்டும் சுவரும் போதும்.

எத்தனை சதவீதம் பழுதை ஏற்கலாம்?

இது புள்ளியியல் கேள்வி. உங்கள் ஆலையின் தொழில் பொறியாளரைக் கேளுங்கள்.

‘ஏன்’ 5 முறையா, 7 முறையா?

முதல் பதிலைப் படியுங்கள். நேரில் போய்ப் பாருங்கள்.

அலுவலக வேலைக்கும் இது பொருந்துமா? எங்களிடம் பில்கள் பாஸ் ஆக வாரக்கணக்கில் ஆகிறது.

பொருந்தும். ஒரு பில் போகும் மேசைக்கெல்லாம் நீங்களும் பின்னால் போங்கள். யார் தட்டில் எத்தனை நாள் கிடந்தது, எதற்காகத் திரும்பி வந்தது என்று ஒரு தாளில் எழுதி அதோடு இணைத்து வையுங்கள். 10 பில்களுக்கு இப்படிச் செய்யுங்கள். மேலாளரை உடன் அழைத்துப் போகாதீர்கள்.