மறுமொழி: மழையில் கிளட்சை விட்டதும் பின்பக்கம் இழுக்கிறது

அண்ணாச்சி, ஹெவி டியூட்டி கிளட்ச் மாட்டியபிறகு மழையில் சிக்னலில் எடுத்தாலே பின்சக்கரம் சுற்றுது, கியர் குறைத்தா வால் ஆடுதுன்னு கேட்டிருக்கீங்க. டயரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். மாட்டியது பட்டன் வகை பிளேட்னா (உராய்வுப் பகுதி முழு வட்டமா இல்லாம தனித்தனி துண்டா இருக்கிற கிளட்ச் தட்டு), பெடல் நகரும் கொஞ்ச தூரத்திலேயே கப்புன்னு பிடிக்கும். 2500 ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுத்துற சுத்து) விட்டா, ஃப்ளைவீலில் (எஞ்சினோட சுத்துற கனமான சக்கரம்) சேர்ந்த வேகம் மொத்தமும் ஈர ரோட்டில் இறங்கிரும். டிராக்‌ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுத்துறதை அடக்கும் அமைப்பு) வழுக்கின பிறகுதான் வேலை செய்யும், அந்த முதல் உதையைத் தடுக்காது.

ஆகவே 1200 தாண்டாம, பிடிக்கிற இடத்தில் பெடலை ஒரு விநாடி நிறுத்தி, வண்டி உருண்டதும் முழுசா விட்டுட்டு அப்புறம் ஆக்ஸிலேட்டர் கொடுங்க. சமதளத்தில் இரண்டாவது கியரில் எடுக்கலாம். மேம்பால ஏற்றத்தில் நின்னா முதல் கியர்தான். இரண்டில் இழுத்தா பிளேட் கருகும்.

கியர் குறைக்கும்போது லேசா ஆக்ஸிலேட்டர் தட்டி ஆர்.பி.எம்.மை ஏத்திட்டு கிளட்சை விடுங்க. இல்லேன்னா எஞ்சின் பிரேக் பின்சக்கரத்தை மட்டும் பிடிச்சு நிறுத்தும், வால் ஆடுறது அதனாலதான். ஆடிட்டா பிரேக்கை மிதிக்காதீங்க: கிளட்சை அமுக்கி, போக வேண்டிய பக்கம் ஸ்டியரிங்.

டயர் பட்டன் (டயர் மேல இருக்கிற பள்ளத்தோட ஆழம்) 3 மி.மீ.க்குக் கீழேன்னா ஐப்பசிக்கு முன்னாடியே மாத்திருங்க. சட்டம் 1.6 வரை விடும், தேங்கின தண்ணி விடாது. காத்தைக் குறைக்காதீங்க.