குளிர் குறைந்தால் நேபாள மலை விவசாயத்துக்கு நல்லதுதானே?

குளிரால் விளையாத நிலமெல்லாம் இனி விளையுமே என்று கேட்டிருக்கிறீர்கள். கால்வாசி சரி.

மலையில் 150 மீட்டர் ஏறினால் சுமார் ஒரு டிகிரி குறையும். அதாவது ஒரு டிகிரி சூடு கூடினால், பழைய குளிரைத் தேடிப் பயிர் 150 மீட்டர் மேலே போகவேண்டும். நேபாளத்தின் வடக்கு மலை மாவட்டமான முஸ்தாங்கில் இது நடந்துகொண்டே இருக்கிறது. ஒருமுறை அங்கே மார்ஃபா கிராமம் வரை நடந்து போனபோது, தட்டைக் கூரைகளில் ஆப்பிள் வில்லைகள் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத்தில் நல்ல தூக்கம் வேண்டும். சில ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரம்கூடத் தேவை. அது கிடைக்காவிட்டால் பூ ஒரே சமயத்தில் வராது, காயும் சரியாகப் பிடிக்காது. தாழ்வான தோட்டங்கள் நொடிக்க, உயரத்தில் புதுக் கன்றுகள் நடுகிறார்கள். மேற்கே ஜும்லா மாவட்டத்தில் 2,400 மீட்டருக்கு மேலே விளையும் மார்சி நெல்லுக்குக் கொஞ்சம் சூடு உதவவும் கூடும். ஆனால் மேலே போகப் போக நிலம் குறுகும், மண் மெலியும். எவ்வளவு தூரம்தான் ஏறுவது?

என் கணக்கில் பெரிய சிக்கல் சூடு அல்ல, தண்ணீர். எல்லாரும் பனிப்பாறை உருகுவதைப் பற்றியே பேசுகிறோம். நடுமலை விவசாயிக்கோ ஆறு காதில் கேட்கும், கைக்கு எட்டாது; அது பல நூறு மீட்டர் கீழே ஓடும். அவருடைய படிக்கட்டு வயல் நம்பியிருப்பது மழையையும் ‘மூல்’ என்று அங்கே சொல்லும் சுனையையும்தான். கொட்டித் தீர்க்கும் மழை சரிவில் ஓடிவிடும், சுனைக்குள் இறங்காது. சுனைகள் வற்றுவதற்குப் பருவநிலை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். மலையை வெட்டிப் போட்ட சாலைகளுக்கும், சில இடங்களில் 2015 நிலநடுக்கத்துக்கும் பங்கு உண்டு.

அப்புறம், மழை வரும் நாள். ஆண்டு மழையில் ஏறக்குறைய 80 சதவீதம் ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடும். ஜூன் கடைசியில், அவர்களுடைய அசார் மாதம் 15 அன்று, தயிரும் அவலும் சாப்பிட்டு நடவைக் கொண்டாடுவார்கள். மழை மூன்று வாரம் பிந்தினால் நாற்றங்காலில் நாற்று முற்றிப்போகும். பிறகு நட்டாலும் சரியாகத் தூர் கட்டாது. பருவம் முடிந்த பிறகு பெய்தாலும் கேடுதான். 2021 அக்டோபரில் பருவம் தப்பிக் கொட்டிய மழையில், அறுத்துப் போட்ட நெல் வயலிலேயே மூழ்கியது. மழை அளவை மட்டும் பார்த்தால் அது நல்ல வருடமாகத் தெரியும்!

செய்ய வழி இல்லாமல் இல்லை. சுனைக்கு மேலே சரிவில் சின்னக் குளங்கள் வெட்டி மழையை மண்ணுக்குள் இறக்குகிறார்கள். வெட்டினால் போதாது, வருடாவருடம் தூர் வாரவேண்டும். வயல் வரப்புகளையும் மழைக்கு முன் செப்பனிட வேண்டும். அதற்கு ஆள் வேண்டுமே. இளவட்டங்களில் பலர் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள்.