வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியராக வாழ முடியுமா? படங்களை எப்படி விளம்பரப்படுத்துவது?

முடியும். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் மாதிரி இருக்காது.

கேள்வியின் விவரத்தில் இன்ஸ்டாகிராமில் எட்டாயிரம் பேர் பின்தொடர்வதாகவும், ஒரு படம்கூட விற்கவில்லை என்றும், "காசுக்காகக் கண்டதையும் வரைய விருப்பமில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ஐடி வேலை. சனி ஞாயிறில் வரைகிறீர்கள். வீட்டில் "இது சோறு போடுமா" என்று ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருகிற போன்களில் பாதி இந்த மாதிரிதான் ஆரம்பிக்கும்.

அந்தக் "கண்டதையும்" என்ற சொல்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. நான் கோவில்பட்டியில் காலண்டருக்குச் சாமி படம் வரைகிறவன். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவன்தான். கூடப் படித்தவர்களில் சிலர் இன்றும் என்னிடம் "இன்னும் முருகன்தானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஆமாம், இன்னும் முருகன்தான். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் முருகன்தான் கட்டுகிறார்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு மரபு உண்டு. காலண்டர் ஓவியர் கொண்டைய ராஜு சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்து திரைச்சீலைக் காட்சிகள் வரைந்தார். கம்பெனி கலைந்ததும் 1940-களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் வரைந்த லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில் அச்சாகி எத்தனை வீட்டுப் பூஜையறைக்குப் போயின என்பதற்குக் கணக்கே கிடையாது. 1976-இல் இறந்தார். இன்றைக்கு எந்தக் கலைக்கூடத்தில் எத்தனை பேர் படம் பார்க்கிறார்கள், சொல்லுங்கள்? தென்மாவட்டத்தில் ஒரு தலைமுறைக்குக் கடவுளின் முகம் எப்படி இருக்கும் என்று காட்டியது காசுக்கு வரைந்த ஆள்தான்.

"அது காலண்டர், கலை வேறு" என்று யாராவது வரப்போகிறீர்கள், தெரியும். சரி, நவீன ஓவியத்துக்கே வருவோம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966-இல் சென்னைக்குப் பக்கத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்களே, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? மெழுகு வைத்துச் சாயம் போடுகிற பாட்டிக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தார். அவர் வரைந்த கோடுகளைப் பார்த்து அங்கே சம்பளம் வாங்கிய கை என்று யாராவது கண்டுபிடிக்க முடியுமா? பத்திரிகை ஓவியர் கோபுலு அந்த வேலையை விட்ட பிறகு விளம்பர நிறுவனம் நடத்தினார். இவர்களோடு என்னைச் சேர்த்துச் சொல்லவில்லை, அந்தச் சண்டைக்கு வராதீர்கள். காசுக்கு வரைந்தால் கை கெட்டுவிடும் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறீர்களே, அதற்காகத்தான் இத்தனை பெயர்.

இனி விளம்பரம். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் பக்கத்து மாவட்டத்தில் ஒரு நகைக்கடைக்கு அறுபடை வீடு காலண்டர் செய்தேன். ஆறு தாள், தாளுக்கு இரண்டு மாதம். பொதுவாகக் கடைக்காரர்கள் சிவகாசி ஆல்பத்தைப் புரட்டி இருக்கிற டிசைனில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கீழே தங்கள் பெயரை அச்சடித்துக்கொள்வார்கள். இவர்கள் கொஞ்சம் வசதியான பார்ட்டி, வேறு யாரிடமும் இல்லாத படம் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு ஊருக்கும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைந்தேன். திருச்செந்தூரில் கோபுரத்துக்குப் பின்னால் கடல் காலையில் ஒரு நிறம், பத்து மணிக்கு வேறு நிறம். அதை போட்டோவைப் பார்த்து வரைய முடியாது. பழமுதிர்சோலைக்கு நாவல் மரமும் ஔவையும். சுவாமிமலையில்தான் ரொம்ப நேரம் பிடித்தது, அப்பாவுக்குப் பிள்ளை உபதேசம் செய்கிற காட்சியில் சிவனின் முகத்தில் பணிவும் வர வேண்டும், பெருமையும் வர வேண்டும்.

ரேட் பேசும்போது கடை மேலாளர் மூவாயிரம் குறைக்கச் சொன்னார். "குறைக்கிறேன் அண்ணாச்சி, ஆனா ஒவ்வொரு தாளிலும் கீழ்மூலையில் என் பெயரும் போன் நம்பரும் வரணும்" என்றேன். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை, ஒத்துக்கொண்டார். கையெழுத்தை மட்டும் நான் ஓரத்தில் போடுவதே இல்லை. ஓரம் அச்சகத்தில் வெட்டுப்படும், இல்லையென்றால் தங்க ஃபாயில் பார்டர் ஏறிவிடும். பழனியில் பாறையின் மடிப்பில், திருத்தணியில் படிக்கட்டில் என்று படத்துக்குள்ளேயே வைத்துவிடுவேன். வெட்ட வேண்டுமென்றால் சாமியின் காலையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும்.

அந்த மூவாயிரம்தான் நான் செய்த விளம்பரச் செலவு. அந்த வருஷம் முழுக்க போன் வந்தது. சாத்தூர்ப் பக்கம் ஒரு அம்மா, பழனிப் படத்தைப் பெரிதாகப் பூஜையறைக்கு வேண்டும் என்றார். ஒரு ஊர்க் கமிட்டி கும்பாபிஷேக அழைப்பிதழ் அட்டைக்குக் கேட்டது. துபாயில் வேலை பார்க்கிறவர், ஊரில் அம்மா வீட்டுச் சுவரில் பார்த்த நம்பரை போட்டோ எடுத்து வைத்திருந்து, இறந்துபோன அப்பாவின் உருவப்படத்துக்காகக் கூப்பிட்டார். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். காலண்டர் ஒரு வருஷம் ஒரே ஆணியில் தொங்குகிறது. பால் கணக்கு எழுத, நல்ல நேரம் பார்க்க என்று தினம் யாராவது அதன் முன்னால் வந்து நிற்கிறார்கள். உங்கள் ரீல் கட்டைவிரலுக்குக் கீழே எவ்வளவு நேரம் நிற்கும்?

நான் இன்ஸ்டாவைத் திட்டவில்லை. எனக்கும் பக்கம் இருக்கிறது, பெண்தான் நடத்துகிறாள். சுவாமிமலை வரைந்தபோது அவள் எடுத்த வீடியோ லட்சம் பார்வையைத் தாண்டியது. வந்த கேள்விகள்: என்ன பிரஷ், என்ன கலர், எந்த அட்டை, ஃப்ரீயாகச் சொல்லித்தருவீர்களா. எல்லாம் வரைகிற பிள்ளைகள். அவர்கள் நல்ல பிள்ளைகள், ஆனால் வாங்குகிறவர்கள் அவர்கள் இல்லை. உங்கள் எட்டாயிரம் பேரில் எத்தனை பேர் ஓவியர்கள் என்று ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். அப்புறம், உங்கள் பக்கத்தில் எங்காவது விலை போட்டிருக்கிறீர்களா? "விலைக்கு இன்பாக்ஸில் வரவும்" என்று போட்டால் நம் ஆட்கள் வர மாட்டார்கள். கேட்டுவிட்டு வாங்காமல் போனால் அசிங்கம் என்று கேட்காமலே போய்விடுவார்கள். நான் பென்சில் உருவப்படம் ஏ4-க்கு 2,500, வண்ணத்தில் 6,000 முதல், பாதி முன்பணம் என்று எழுதிப் போட்டிருக்கிறேன். இனி உங்களிடம் ஒரு ஓவியம் வாங்குகிற கடை, வீடு, டாக்டர் யாராக இருந்தாலும் அவர் பெயரை நோட்டில் எழுதி வையுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புங்கள். என் வருமானத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியவர்களிடமிருந்துதான் வருகிறது.

நகைக்கடைக் கதை அங்கே முடியவில்லை. அடுத்த வருஷம் ஐப்பசியில் பேருந்தில் போகும்போது திருச்செந்தூர் முருகன் பெரிய பேனரில் நிற்கிறார். என் முருகன். போய் விசாரித்தால் கட்டைப்பையில், நகைப்பெட்டி மூடியில், எல்லாவற்றிலும் அதே படம். மேலாளர் அமைதியாக, "அது நாங்க காசு குடுத்து வாங்கினதுதானே தம்பி" என்றார்.

அவர் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை, இதைப் பல ஓவியர்கள் தெரிந்துகொள்வதில்லை. நான் வக்கீல் இல்லை, தேவைப்பட்டால் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லி வரைய வைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரையே முதல் உரிமையாளராக வைக்கிறது. நீங்களாக வரைந்து வைத்திருந்த படத்தை விற்றால் கதை வேறு. படம் வாங்கியவருடையது, அச்சிடும் உரிமை உங்களுடையது, அதை எழுதிக் கொடுத்தால்தான் மாறும். அப்படி எழுதும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. ஆர்டருக்கு வரைகிறவன் முன்னாலேயே எழுதி வாங்க வேண்டும். சிவகாசியில் நான் தொழில் பழகிய அச்சகத்தில் டிசைன் பார்த்த பெரியவர் இதை என் மண்டையில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் என் கொட்டேஷனில் "ஒரு வருட மாதக் காலண்டருக்கு மட்டும், வேறு உபயோகத்துக்குத் தனிக் கட்டணம்" என்ற வரி எப்போதும் இருக்கும். அதற்கு நகைக்கடை மேலாளர் வாட்ஸ்அப்பில் "ஓகே, வேலையை ஆரம்பிங்க" என்று போட்டிருந்தார். போனைத் திறந்து காட்டினேன்.

கோர்ட்டுக்கெல்லாம் போகவில்லை. கேட்டதில் பாதி கொடுத்தார்கள், அதுவும் இரண்டு தவணையாக, கூடவே ஒரு வெள்ளிக்காசு. அடுத்த வருஷம் ஆர்டர் கொடுக்கவில்லை. "வாடிக்கையைக் கெடுத்துக்கொண்டாயே" என்று என் தம்பியே சொன்னான். நீங்களும் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். கொட்டேஷனில் "தனிக் கட்டணம்" என்று ஒரு வரி எழுதுகிறவன் அந்தக் கட்டணத்தை வசூலிக்கப் போகாவிட்டால் அந்த வரியை எழுதுவதே வேஸ்ட்.

பணத்தை இழுத்தடிப்பவர்களுக்கு இன்னொன்று. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள், காசு கிடையாது. 2006-ஆம் வருஷத்துக் குறுந்தொழில் சட்டப்படி உங்களுக்கான பாக்கியை 45 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, தாண்டினால் கூட்டு வட்டி. நான் இதுவரை யார் மேலும் புகார் கொடுத்ததில்லை. பில்லின் தலையில் அந்தப் பதிவு எண் இருந்தாலே கணக்குப்பிள்ளைகளின் குரல் கொஞ்சம் மாறுகிறது. கம்பெனிகள் உங்களுக்குத் தருகிற பணத்திலிருந்து முன்கூட்டியே வரி (டிடிஎஸ்) பிடித்தால் வருமான வரி தாக்கல் செய்து திரும்ப வாங்குங்கள், அதைப் பல ஓவியர்கள் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. வாரத்துக்கு ஒரு வகுப்புக்கு ஒரு பீரியட். ஜூலை தாண்டினால் அந்த ஒன்றும் போய்விடும். கணக்கு ஆசிரியர் வாசலில் வந்து நின்று, "டீச்சர், போர்ஷன் முடியலை" என்பார். பத்தாம் வகுப்புக்கு ஓவிய பீரியட் டைம்டேபிளில் மட்டும்தான். ஆனால் ஆண்டு விழா வந்தால் மேடைக்குப் பின்னால் பத்தடிக்குச் சரஸ்வதி வேண்டும், ஆய்வுக்கு அதிகாரி வந்தால் சுவர் முழுக்கச் சார்ட் வேண்டும், எல்லாம் ராத்திரி என் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும். தனியார் பள்ளியை விடுங்கள். 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல் என்று பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். நிரந்தரமாக்கச் சொல்லி அவர்கள் பல வருஷம் போராடினார்கள். பிள்ளைகளுக்கு ஓவியம் என்றால் ஓசியில் கிடைப்பது என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு, வளர்ந்தபிறகு அவன் "ஃப்ரெண்டு தானே, லோகோ போட்டுக் குடுடா, உனக்கும் விளம்பரம்" என்று கேட்டால் அவனை மட்டும் எப்படிக் குறை சொல்வது? நான் குறை சொல்லிவிட்டுத்தான் இருக்கிறேன், அது வேறு.

வேலையை விடலாமா என்பதற்கு வருகிறேன். இப்போது விடாதீர்கள். இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது, பருவம்தான் உண்டு. எனக்குத் தை முதல் ஆனி வரை காலண்டர் வேலை. அதற்குப் பிறகு உருவப்படம், கோயில் சுவர், பள்ளிப் போட்டிகளுக்கு நடுவர் என்று சில்லறையாக ஓடும். ஒன்றுமே வராத மாதமும் இருக்கும். அந்த மாதத்தில் வீட்டில் யார் முகத்தையும் பார்த்துப் பயப்படாமல் இருக்கிற அளவுக்குப் பணம் சேர்ந்தபிறகு யோசியுங்கள். கல்யாணம் ஆகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தைரியமாக யோசிக்கலாம்.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே சாமி படம் போட்டுவிடுகிறதே என்று அடுத்து கேட்பீர்கள். போடுகிறது. போன வருஷம் ஒரு தினசரி காலண்டர் அட்டையில் வேல் பிடித்த கையில் ஆறு விரல். மலிவான அட்டைகள் அந்தப் பக்கம் போய்விட்டன, என் ஆர்டரும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, மறைக்கவில்லை. ஆயுதம், வாகனம், மாலை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வாடிக்கையாளர்கள் மட்டும் இன்னும் ஆளைத் தேடி வருகிறார்கள்.

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த வருஷத்துக்கான ஆல்பம் போடுவார்கள். அதில் உங்கள் படம் வர வேண்டுமென்றால் மாசி, பங்குனிக்குள் நாலைந்து மாதிரியோடு நேரில் வர வேண்டும், மெயிலில் அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். செய்தி அனுப்புங்கள், யாரைப் போய்ப் பார்ப்பது என்று சொல்கிறேன். சாமி படம்தான் என்றில்லை, இயற்கைக் காட்சி, குழந்தை, தலைவர்கள் படங்களும் ஆல்பத்தில் உண்டு. அவற்றுக்கு ரேட் கொஞ்சம் குறைவு.