பெக்கின் 'சீ சேஞ்ச்': யார் கருத்தை நம்புவது, எந்தப் பதிப்பை வாங்குவது?

கேள்வி: அமெரிக்கப் பாடகர் பெக்கின் 'சீ சேஞ்ச்' ஆல்பத்தை வாங்க நினைக்கிறேன். அமைதியான, அகூஸ்டிக் கிட்டார் ராக் எனக்குப் பிடிக்கும். ஆனால் கேட்டவர்கள் எழுதியிருப்பதைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. ஒருவர் 'இதற்கு இணையே இல்லை' என்கிறார். அடுத்தவர் 'மூன்றாவது பாட்டிலேயே தூக்கம் வந்துவிட்டது' என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் எதை எதிர்பார்த்து இந்த ஆல்பத்துக்கு வந்தார்கள் என்று பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பெக் 1996-இல் 'ஓடிலே', 1999-இல் 'மிட்னைட் வல்ச்சர்ஸ்' என்று வெட்டி ஒட்டிய ஒலித்துணுக்குகள், ராப், ஃபங்க், கிண்டல் நிறைந்த ஆல்பங்களால் பெயர் வாங்கியவர். நீண்ட நாள் காதல் முறிந்த பிறகு எழுதிய பாடல்களை 2002-இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஓஷன் வே ஸ்டுடியோவில் பதிவு செய்தார். தயாரிப்பாளர், ரேடியோஹெட் குழுவின் ஆல்பங்களைச் செய்த நைஜல் காட்ரிச். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆல்பம் வந்தது. 12 பாடல்கள், 52 நிமிடம். கிண்டலும் இல்லை, துள்ளலும் இல்லை. பெக்கின் குரலே பழைய ஆல்பங்களைவிடக் கீழே இறங்கி, கனத்து ஒலிக்கிறது. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. 'ஓடிலே'யின் அடுத்த பாகத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கோ ஏமாற்றம்.

எனவே ஒரு கருத்தைப் படிக்கும்போது முதலில் அவர் இதை எதோடு ஒப்பிடுகிறார் என்று பாருங்கள். பெக்கின் பழைய ஆல்பங்களோடு ஒப்பிட்டுக் குறைசொல்பவரின் குறை உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் தேடுவதே அவர் வேண்டாம் என்பதைத்தான். 'மனசு உடைந்திருந்தபோது இதுதான் துணை' என்பவர்களின் அன்பு உண்மையானது. ஆனால் ஒலிப்பதிவு எப்படி, தட்டு எப்படி என்பதற்கு அதில் பதில் கிடைக்காது.

'எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி' என்ற குறையைத் தள்ளிவிட வேண்டாம். தாள வேகத்தில் பெரும்பாலான பாடல்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவைதான். வித்தியாசமெல்லாம் இசைக்கோப்பில் இருக்கிறது. பெக்கின் தந்தை டேவிட் கேம்ப்பெல் எழுதிய தந்தி வாத்தியப் பகுதிகளைக் கவனியுங்கள். 'லோன்சம் டியர்ஸ்' பாடலின் கடைசியில் குரல் நின்ற பிறகும் வயலின் கூட்டம் படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே போகிறது; இதற்கு மேல் இடமில்லை என்று தோன்றும்போதும் இன்னும் ஒரு படி ஏறுகிறது. 'சன்டே சன்' முடிவில் அதுவரை கட்டிக்காத்த அமைதி உடைந்து, டிரம்ஸும் இரைச்சலும் மோதிக்கொள்கின்றன. இவற்றைக் காதில் வாங்காமல் பின்னணியில் ஓடவிட்டவருக்கு ஆல்பம் ஒரே பாட்டாகத் தோன்றுவது இயல்பு.

இன்னொரு குறை 'காப்பி' என்பது. 'பேப்பர் டைகர்' பாடலில் பிரெஞ்சுப் பாடகர் செர்ஜ் கேன்ஸ்பூரின் 1971 ஆல்பமான 'இஸ்துவார் த மெலடி நெல்சன்' சாயலும், 'ரவுண்ட் த பெண்ட்' பாடலில் ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் சாயலும் தெளிவாகவே உண்டு. அந்த இருவரையும் உங்களுக்குப் பிடிக்குமென்றால் இது குறையல்ல, வாங்குவதற்கு இன்னொரு காரணம் என்பது எங்கள் கருத்து.

விற்பனைத் தளங்களில் ஒரு பொறி இருக்கிறது. சிடி, எல்பி (ஊசி வைத்துக் கேட்கும் வினைல் இசைத்தட்டு), டிஜிட்டல் மூன்றுக்கும் எழுதிய கருத்துகளை ஒரே பக்கத்தில் கொட்டிவிடுகிறார்கள். 'சத்தம் அடிக்கிறது, வளைந்து வந்தது' என்ற ஒற்றை நட்சத்திரம் எல்பிக்கு விழுந்தது. சிடி வாங்க வந்தவர் அதைப் பார்த்துப் பயப்படுகிறார். ஒவ்வொரு கருத்தின் மேலும் எந்த வடிவம் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்த பிறகே படியுங்கள். ஐந்து நட்சத்திரத்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரக் கருத்துகளிலிருந்து தொடங்குவது நல்லது. எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று பிரித்துச் சொல்பவர்கள் அங்கேதான் அதிகம்.

கேள்வி: வாங்குமுன் ஸ்ட்ரீமிங்கில் சோதிக்க எந்தப் பாடல்களைக் கேட்கலாம்?

பதில்: மூன்று போதும். 'த கோல்டன் ஏஜ்', 'பேப்பர் டைகர்', 'ரவுண்ட் த பெண்ட்'. முதலாவது ஆல்பத்தின் நடையைக் காட்டும். இரண்டாவது, அகூஸ்டிக் கிட்டாரைத் தாண்டி என்ன இருக்கிறது என்று காட்டும். மூன்றாவதுதான் உண்மையான சோதனை: ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளும், ஏறக்குறைய அசையாமல் நிற்கும் பாட்டு. அதைப் பொறுமையாக, விருப்பத்தோடு கேட்க முடிந்தால் தயங்காமல் ஆல்பத்தை வாங்குங்கள். நடுவில் கை அடுத்த பாட்டுக்குப் போனால் வாங்க வேண்டாம்.

'லாஸ்ட் காஸ்' பாடலை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். எளிதில் பிடித்துப்போகும் பாட்டு அது. ஆல்பம் முழுக்க அப்படி இருக்கும் என்று நம்பி வாங்கியவர்கள்தான் பின்னால் புலம்புகிறார்கள்.

செயலியில் ஷஃபிளை நிறுத்துங்கள், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடை 0 நொடியில் வையுங்கள், ஈக்வலைசரில் பாஸ் பூஸ்டை அணையுங்கள். குரல் ஏற்கெனவே கீழ்ஸ்தாயியில் இருக்கிறது. பாஸைக் கூட்டினால் குரலும் கிட்டாரின் தடித்த கம்பிகளும் ஒன்றோடொன்று கலந்து குழம்பிப்போகும்.

கேள்வி: சாதாரண சிடி, தங்க சிடி, எஸ்ஏசிடி, இரட்டை எல்பி என்று பல பதிப்புகள் தெரிகின்றன. எதை எடுப்பது?

பதில்: முதல் முறை வாங்குபவருக்கு எங்கள் பரிந்துரை சாதாரண சிடி. விலை குறைவு, 52 நிமிடமும் எழுந்திருக்காமல் கேட்கலாம், அமைதியான இடங்களில் எந்தப் பின்னணிச் சத்தமும் இல்லை. இந்த மாதிரி ஆல்பத்துக்கு அந்தக் கடைசி விஷயம் பெரிது. முதலில் வந்த சிடி ஓவியர் ஜெரமி பிளேக்கின் படைப்புகளோடு நான்கு வேறு அட்டைகளில் வந்தது. உள்ளே இசை ஒன்றுதான். 'அரிய அட்டை' என்று கூடுதல் விலை கேட்டால், அந்தப் படத்துக்காகவே கொடுப்பதாக இருந்தால் மட்டும் கொடுங்கள்.

மொபைல் ஃபிடலிட்டி நிறுவனம் 2009-இல் தங்க சிடியும் இரட்டை எல்பியும் வெளியிட்டது. தங்கப் பூச்சால் ஒலி மாறாது. வித்தியாசம் தெரிந்தால் அது அவர்கள் தனியாகச் செய்த மாஸ்டரிங்கால், அதாவது தட்டாக்குமுன் ஒலியைச் சீர்செய்யும் கடைசி வேலையால், வருவது. இவை இப்போது சேகரிப்பாளர் விலையில்தான் கிடைக்கின்றன. நல்ல ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஏற்கெனவே இல்லாதவர் அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுவதே மேல்.

5.1 கலவை, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பாஸ் ஸ்பீக்கரும் வழியே சுற்றிலும் கேட்கும் ஒலி, எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ என்ற இரண்டு உயர்தரத் தட்டு வடிவங்களில் வந்தது. தந்தி வாத்தியங்கள் அறையைச் சுற்றி விரிவதை ரசித்து எழுதியவர்கள் நிறைய பேர். ஆனால் வீட்டில் ஐந்து ஸ்பீக்கர் இருந்தாலும் பிளேயர் அந்தத் தட்டைப் படிக்குமா என்று முதலில் பாருங்கள். பிளேயரின் முகப்பிலோ கையேட்டிலோ எஸ்ஏசிடி முத்திரை இல்லையென்றால் எஸ்ஏசிடியின் 5.1 ஒலி வராது. எஸ்ஏசிடி, சிடி இரண்டு அடுக்கும் உள்ள ஹைப்ரிட் தட்டாக இருந்தால் சாதாரண சிடி பிளேயரில் அதன் சிடி அடுக்கு மட்டும் ஓடும். டிவிடி-ஆடியோ, சிடி பிளேயரில் ஓடவே ஓடாது.

எல்பி ஏன் இரண்டு தட்டு என்று பலர் கேட்கிறார்கள். 33⅓ சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் வசதியான அளவு. 52 நிமிடத்தை ஒரே தட்டில் அடைத்தால் பக்கத்துக்கு 26 நிமிடம். ஊசி ஓடும் வரித்தடங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதற்காக ஒலி அளவைக் குறைக்க வேண்டும். குறைந்த இசைக்கு மேலே தட்டின் இரைச்சல் தலைதூக்கும். இரண்டு தட்டில் பக்கத்துக்குச் சராசரி 13 நிமிடம்தான். ஒலிக்கு நல்லது, ஆனால் 13 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். '180 கிராம்' என்பது தட்டின் எடை. ஒலித்தரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை.

கேள்வி: புது இரட்டை எல்பி வாங்கினேன். அமைதியான இடங்களில் சடசடவென்று சத்தம். விற்றவர், 'அகூஸ்டிக் ஆல்பம் என்றால் அப்படித்தான் கேட்கும்' என்கிறார். சரியா?

பதில்: பாதி சரி. உரத்த ராக் தட்டில் டிரம்ஸ் மூடிவிடும் சத்தம், ஒற்றைக் கிட்டாரும் குரலும் உள்ள இடத்தில் வெளியே தெரியும். ஆனால் அதைச் சொல்லிப் பழுதான தட்டைத் தலையில் கட்டக்கூடாது. தூசியா பழுதா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தத்தைக் கேளுங்கள். 33⅓ சுழற்சியில் தட்டு ஒரு சுற்று சுற்ற 1.8 நொடி. 'டக்... டக்...' என்று சரியாக 1.8 நொடிக்கு ஒருமுறை வந்தால் கீறல் அல்லது அச்சுப் பழுது. ஒழுங்கில்லாமல் அங்கங்கே வெடித்தால் தூசி அல்லது நிலைமின்சாரம். துணி கிழிவதுபோல 'சர்ர்' என்று சுற்றுக்குச் சுற்று, பெரும்பாலும் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் வந்தால், அச்சடிக்கும்போது பிளாஸ்டிக் வரித்தடத்தை முழுதாக நிரப்பாமல் விட்ட பழுது. எவ்வளவு கழுவினாலும் போகாது, மாற்றித்தான் வாங்க வேண்டும்.

நீண்டு ஒலிக்கும் சுரம் மேலும் கீழும் ஊசலாடினால் ஊசியைத் தாங்கும் டோன் ஆர்மைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அது இடவலமாக அசைந்தால் நடுத்துளை மையம் தவறியிருக்கிறது. மேலும் கீழும் குதித்தால் தட்டு வளைந்திருக்கிறது. நீண்ட சுரங்கள் நிறைந்த இந்த மாதிரி ஆல்பத்தில் மையம் தவறிய தட்டு தாங்கமுடியாத எரிச்சல்.

திருப்பி அனுப்புமுன் உங்கள் பக்கத்தைச் சரிபாருங்கள். கார்பன் நாரிழைத் தூரிகையை ஓடும் தட்டின் மேல் இரண்டு சுற்று லேசாக வைத்து எடுங்கள். புதுத் தட்டிலும் அட்டைத் துகள் இருக்கும். ஊசியைத் தூரிகையால் பின்னிருந்து முன்னாக மட்டும் துடைக்க வேண்டும். ஊசி அழுத்தத்தைச் சிறிய எடைக் கருவியில் அளந்து பாருங்கள். ஊசி பொருத்திய பாகம்தான் கார்ட்ரிட்ஜ்; ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம், ஏடி3600எல்லுக்கு 2.5 முதல் 3.5 கிராம். அழுத்தம் குறைந்தால் ஊசி தடத்தில் உறுதியாக நிற்காமல் 'ச', 'ஷ' ஒலிகளைச் சிதறடிக்கும். பலர் இதைத் தட்டின் குறை என்று எழுதிவிடுகிறார்கள்.

இதற்குப் பிறகும் அதே இடத்தில் சத்தம் வந்தால் தட்டின் எந்தப் பக்கம், எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொண்டு, 20 நொடி வீடியோ எடுத்து, மாற்று கேளுங்கள். இந்தியாவில் இணையவழி விற்பனை விதிகளின்படி (2020) விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்திருந்தால் வாதம் சுருங்கும்.

கேள்வி: வெளிநாட்டு விற்பனையாளரிடம் பழைய தட்டு வாங்கலாமா? 'விஜி ப்ளஸ்' என்று போட்டிருக்கிறது.

பதில்: இந்த ஆல்பத்துக்கு 'நியர் மின்ட்' (ஏறக்குறைய புதுசு) தரத்துக்குக் கீழே போக வேண்டாம். 'விஜி ப்ளஸ்' என்றால் மேற்பரப்பில் லேசான கீறல்கள் இருக்கலாம் என்று பொருள். உரத்த ஆல்பத்தில் அது மறைந்துவிடும், இதில் மறையாது. கண்ணால் பார்த்துத் தரம் போட்டாரா, ஓடவிட்டுக் கேட்டாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்துக் கைக்கு வந்து சேரும் மொத்த விலையைக் கணக்கிட்டபின் முடிவெடுங்கள். தட்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் தனியாக வைத்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பயணத்தில் தட்டின் விளிம்பு அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும்.

கேள்வி: இதே பாணியில் வந்த 'மார்னிங் ஃபேஸ்' நல்லதா, இது நல்லதா? ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது.

பதில்: 'மார்னிங் ஃபேஸ்' 2014-இல் வந்தது. 'சீ சேஞ்ச்' ஆல்பத்தில் வாசித்த பலர் அதிலும் இருக்கிறார்கள், தந்தி இசை மறுபடியும் தந்தையுடையது. 2015 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதும் பெற்றது. வெளிச்சம் கூடிய ஆல்பம். அடுக்கடுக்கான குரல்கள், சற்று மிருதுவான முடிவு. காலையில் கேட்க, குடும்பத்தோடு காரில் போகும்போது கேட்க அது ஏற்றது. பாடல்களின் வலிமைக்கு எங்கள் ஓட்டு 'சீ சேஞ்ச்' பக்கம்தான். விருதைப் பார்த்து அதை முதலில் வாங்கியவர்களில் பலர் பிறகு இதையும் வாங்கியிருக்கிறார்கள். ஒன்றுதான் முடியும் என்றால் நேரே இதற்கே வாருங்கள்.

கேள்வி: ஃபோனில் கேட்டால் மற்ற பாடல்களைவிட ஒலி குறைவாக இருக்கிறது. பதிவே குறையா?

பதில்: இல்லை. உரத்த இடத்துக்கும் அமைதியான இடத்துக்கும் உள்ள தூரத்தை இந்த ஆல்பம் விட்டு வைத்திருக்கிறது. 'லோன்சம் டியர்ஸ்' முடிவின் உயரத்துக்கு இடம் விட வேண்டுமென்றால் தொடக்கம் தணிந்துதான் இருக்கும். செயலியில் ஒலி அளவைச் சமப்படுத்தும் அமைப்பு இருந்தால் 'ஆல்பம்' முறையில் வையுங்கள். பாட்டுக்குப் பாட்டு சமப்படுத்தினால் மெல்லிய பாட்டும் உரத்த பாட்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். 'உரத்த' என்ற தேர்வு இருந்தால் அதைத் தொடாதீர்கள். பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் கேட்பவர், வால்யூமைக் கூட்டுவதற்குப் பதிலாகக் காதை நன்றாக அடைக்கும் சிலிகான் முனை இயர்ஃபோனை, தன் காதுத் துளைக்குப் பொருந்தும் அளவில் போட்டுக்கொள்ளட்டும். பெட்டியோடு வரும் மூன்று அளவுகளில் நடுவில் உள்ளதையே எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். பெரியதையும் சின்னதையும் போட்டுப் பாருங்கள். பாஸ் நிறைந்து கேட்கும் அளவுதான் உங்களுடையது.