ராஸ் தீவுக்கு அட்வான்ஸ் கட்டுமுன்: எந்த ராஸ் என்று கேளுங்கள்

கேள்வி: ஜனவரியில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு அந்தமான் போகலாம் என்றிருக்கிறோம். ஏஜென்ட் கொடுத்த ஐந்து நாள் திட்டத்தில் ‘ராஸ் ஐலேண்ட்’ என்று போட்டு, இரண்டு பச்சைத் தீவுகளுக்கு நடுவே வெள்ளை மணல் பாதை தெரிகிற படத்தை வைத்திருக்கிறார். இன்னொரு நாளில் ‘நேதாஜி ஐலேண்ட்’ என்று தனியாக இருக்கிறது. ஒன்பதாவது படிக்கும் மகள், ராஸ் தீவு அண்டார்டிகாவில்தான் இருக்கிறது என்கிறாள். கணவரோ, மலேரியாவைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் பெயரை வைத்த தீவு அது என்கிறார். மகளுக்குப் பள்ளியில் ‘ராஸ் பெயர் கொண்ட இடங்களும் உயிரினங்களும்’ என்று ப்ராஜெக்ட் வேறு. ஏஜென்ட் அட்வான்ஸ் கேட்டு தினமும் போன் செய்கிறார். கட்டலாமா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். உங்கள் ஏஜென்ட் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் கொடுத்த தாளில் படம் ஒரு இடத்தில் உதைக்கிறது, பெயர் இன்னொரு இடத்தில் உதைக்கிறது, ஐந்து நாள் கணக்கும் உதைக்கிறது. அடுத்த முறை அவர் போன் செய்யும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ராஸ் தீவுக்குப் படகு எந்த ஜெட்டியிலிருந்து கிளம்பும்?” அபர்தீன் ஜெட்டி என்றால் ஒரு தீவு, ஏரியல் பே என்றால் வேறு தீவு. இரண்டு ஜெட்டிக்கும் நடுவே சாலை வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

அபர்தீன் ஜெட்டி போர்ட் பிளேர் ஊருக்குள்ளேயே இருப்பது. அங்கிருந்து படகில் ஏறினால் கால் மணி, இருபது நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள். 1858 முதல் 1940-களின் தொடக்கம் வரை ஆங்கிலேயர்கள் அந்தமானை ஆண்டது இந்தச் சின்னத் தீவில் இருந்துகொண்டுதான். தேவாலயம், பேக்கரி, தலைமை ஆணையர் மாளிகை எல்லாம் கூரையில்லாமல் நிற்கின்றன. ஆல, அத்தி வகை மரங்களின் வேர்கள் செங்கல் சுவரில் மேலிருந்து கீழே வழிந்து, சன்னலைச் சுற்றிப் பிடித்திருக்கும். சில இடங்களில் சுவர் வேரைத் தாங்குகிறதா, வேர் சுவரைத் தாங்குகிறதா என்று சொல்ல முடியாது. புள்ளிமான்கள் கூச்சமில்லாமல் கிட்டே வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

மணல் பாதைப் படம் இந்தத் தீவில் எடுத்ததல்ல. அது வடக்கு அந்தமானில், டிக்லிப்பூர் பக்கத்தில் உள்ள ‘ராஸ் - ஸ்மித்’ என்ற இரட்டைத் தீவு. நீர் வடியும்போது இரண்டையும் மணல் திட்டு இணைக்கும், ஏறும்போது மூழ்கிவிடும். ஏரியல் பேயில் வனத்துறை அனுமதி வாங்கி, அங்கேயே படகு பிடிக்க வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து டிக்லிப்பூர் போகவே ஒரு முழுப் பகல் ஆகும், திரும்ப இன்னொரு பகல். ஐந்து நாள் திட்டத்தில் ஹேவ்லாக், நீல் தீவுகளை எல்லாம் போட்டுவிட்டு இதையும் எப்படி நுழைத்தார் என்று கேளுங்கள். நுழைத்திருக்க மாட்டார். படத்தை மட்டும் நுழைத்திருப்பார்.

நான் பார்க்கிற பேக்கேஜ் தாள்களில் அதிகம் கண்ணில் படுகிற தந்திரம் இதுதான். பொய் என்று எழுத்தில் எதுவும் இருக்காது. ‘ராஸ்’ என்பது உண்மை, படமும் உண்மையான படம், இரண்டும் ஒரே இடமில்லை என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. அங்கே இறங்கி “மணல் எங்கே?” என்று கேட்டால், “அது வேற ராஸ் மேடம், அதுக்கு எக்ஸ்ட்ரா” என்பார்கள்.

அடுத்தது ‘நேதாஜி ஐலேண்ட்’. போர்ட் பிளேர் பக்கத்து ராஸ் தீவுக்கு 2018 டிசம்பர் 30 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். அதாவது உங்கள் தாளில் ஒரே தீவு இரண்டு நாளில் இரண்டு பெயரில் இருக்கிறது. அதே நாளில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது. அந்தப் பெயர்களும் இரட்டையாக வந்திருக்கிறதா என்று பேனாவை எடுத்து ஒரு முறை சரிபாருங்கள். ‘ஏழு தீவு பேக்கேஜ்’ என்று விற்பதில் இந்த வகை எண்ணிக்கை சில சமயம் இருக்கும்.

இதில் ஏஜென்டை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. மேடை போட்டுப் பெயர் மாற்றியவர்கள், அடுத்த நாளே ‘இது முன்பு இன்ன பெயரில் இருந்த இடம்’ என்று பலகையிலும் டிக்கெட்டிலும் இணையதளத்திலும் ஒரே மாதிரி எழுதவைக்க வேண்டாமா? ஒரு இடத்தில் புதுப் பெயர், ஒரு இடத்தில் பழைய பெயர். 2024-ல் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, ஆட்டோக்காரரிடம் அதைச் சொன்னால் எந்தப் பேட்டை என்று கேட்பார். 2018-ல் மாறியது ஒரு ராஸ் மட்டும்தான், வடக்கே ராஸ் - ஸ்மித் அப்படியே இருக்கிறது என்பதையாவது யாராவது தெளிவாகச் சொல்லியிருக்கலாம். ‘ராஸ் தீவு என்று இப்போது ஒன்றுமே கிடையாது’ என்று அடித்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். குழப்பம் இருக்கிற இடத்தில்தான் தரகருக்குச் சோறு.

ஒருவேளை ஏஜென்ட், “சரி மேடம், ஏழு நாளாக்கிடலாம், டிக்லிப்பூரே போயிடலாம்” என்றால், இதை மட்டும் கவனியுங்கள். அந்தச் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டின் ஊடாகப் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்திவைத்து, குறித்த நேரத்தில் மட்டும் வரிசையாகக் காவலோடு விடுவார்கள். உள்ளே வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பிஸ்கெட் பொட்டலம் நீட்டக் கூடாது. அந்தமானின் பழங்குடியினரைக் காக்க 1956-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, மீறினால் வழக்கு. ஆனாலும் “வழியில ஜாரவா பார்க்கலாம் சார்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஆட்கள் உண்டு. அதை ஒரு சலுகை மாதிரி சொல்வார்கள். மனிதர்களை வேடிக்கை காட்டிப் பிழைக்கிறவர், உங்கள் முன்பணத்தை மட்டும் நேர்மையாகக் கையாள்வார் என்று நம்பாதீர்கள். அந்த வார்த்தை வாயில் வந்ததுமே போனை வைத்துவிடலாம்.

இனி உங்கள் கணவரின் ராஸ். போர்ட் பிளேர் பக்கத்துத் தீவு பெயர் பெற்றது டேனியல் ராஸ் என்ற கடல் அளவையாளரால். கப்பல்கள் தரை தட்டாமல் போக, ஆழம் அளந்து வரைபடம் போட்டவர். அவர் 1849-ல் இறந்தார். ரொனால்ட் ராஸ் பிறந்ததே 1857 மே மாதம், அல்மோராவில். அடுத்த ஆண்டு அந்தமானில் கைதிகளை இறக்கியபோது அவர் கைக்குழந்தை. பின்னாளில் ராணுவ மருத்துவராகச் சென்னை, பர்மா என்று சுற்றியபோது அந்தமானிலும் அவருக்குக் கொஞ்ச காலம் வேலை இருந்தது. அதனால்தான் இந்தக் கதை நம்பும்படி இருக்கிறது. ஆனால் அவர் கால் வைப்பதற்கு வெகு காலம் முன்பே தீவுக்குப் பெயர் வந்தாகிவிட்டது. இன்னொன்று, மலேரியாக் கிருமியை முதலில் கண்டவர் லவெரன் என்ற பிரெஞ்சு மருத்துவர், 1880-ல். ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் அதைக் கொசுவின் வயிற்றுக்குள் கண்டார். 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதன் தொடர்ச்சியாகத்தான்.

மகளும் தவறில்லை. அண்டார்டிகாவிலும் ஒரு ராஸ் தீவு இருக்கிறது, எரிபஸ் என்ற உயிருள்ள எரிமலையோடு. அது ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்ற மாலுமியின் பெயர். நம் ஊரில் முருகன் ஸ்டோர்ஸ், முருகன் மெஸ், முருகன் டிராவல்ஸ் மூன்றையும் ஒரே முருகன் நடத்துவதில்லை அல்லவா? ராஸ் ஸ்காட்லாந்துப் பக்கம் சர்வசாதாரணமான குடும்பப் பெயர். கப்பல், ராணுவம், கம்பெனி வியாபாரம் என்று அந்தப் பெயர்க்காரர்கள் போகாத இடமில்லை, பெயரை வைக்காமல் வந்த இடமும் குறைவு. ஆகவே ப்ராஜெக்டில் ‘ராஸ்’ என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் போகும். முதல் பெயரைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடப் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் ரெடிமேடாக ப்ராஜெக்ட் செய்து தருகிறார்களே, தயவுசெய்து அங்கே போகாதீர்கள். கொசுப் படம், பனிப்பாறைப் படம், ஒரு சீல் (கடல்நாய்) படம் எல்லாவற்றையும் ஒட்டி, நடுவில் மீசை வைத்த ரொனால்ட் ராஸை வைத்துக் கொடுப்பார்கள். ஆசிரியரும் அட்டையின் பளபளப்புக்கு மதிப்பெண் போடுவார். பிள்ளை கற்றுக்கொண்டது பெவிகால் ஒட்டுவதைக்கூட அல்ல, அதையும் கடைக்காரரே செய்துவிடுகிறார்.

இந்தப் பெயர் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா ராஸும் வேறு வேறு என்று நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு உங்கள் மகள் இங்கேதான் தப்பு செய்வாள். ராஸ் கடற்காகம் என்று ஒரு பறவை வடதுருவப் பக்கம் வாழ்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் மார்பு இளஞ்சிவப்பாக இருக்கும், கழுத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம். ராஸ் சீல் வாழ்வது தென்துருவத்தில். குட்டை மூக்கும் பெரிய கண்ணுமாக, பனிக்கட்டிக் கூட்டத்துக்குள்ளே ஒதுங்கி இருக்கும் விலங்கு. ஒன்று உலகத்தின் உச்சி, மற்றது அடி. இரண்டு பேர் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். இல்லை, இரண்டும் ஜேம்ஸ் கிளார்க் ராஸ்தான். இளைஞராக வட கனடாப் பயணத்தில் போனபோது, 1823-ல் அந்தப் பறவை அவர் கையில் கிடைத்தது. 1831-ல் வடகாந்த முனையைத் தேடிப்போய் அடைந்தவரும் அவர். அப்புறம் 1839-ல் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களோடு தெற்கே கிளம்பி, 1841-ல் இன்று ராஸ் கடல் எனப்படும் பகுதிக்குள் நுழைந்தார். எரிமலைகளுக்குத் தன் கப்பல்களின் பெயரைத்தான் வைத்தார். அங்கே கிட்டத்தட்ட பிரான்ஸ் நாட்டின் அளவுக்கு மிதக்கிற பனித்தட்டும் ராஸ் பனித்தட்டுதான். ஆக, கடல், பனித்தட்டு, எரிமலைத் தீவு, சீல், கடற்காகம் ஐந்தும் ஒரே ஆள் கணக்கு. இவருடைய சித்தப்பாவோ பெரியப்பாவோ ஜான் ராஸ் என்று இன்னொரு துருவ மாலுமி உண்டு, அவரை இதில் கலக்க வேண்டாம்.

இங்கேயே நிறுத்திக்கொண்டு மற்ற உயிரினங்களுக்குப் போனால் பழையபடி ஆள் மாறிவிடும். ராஸ் வாத்து, வட அமெரிக்காவின் சின்ன வெள்ளை வாத்து, ஹட்சன் பே கம்பெனியில் வேலை பார்த்த பெர்னார்ட் ராஸின் பெயர். ஆப்பிரிக்காவின் கருநீலப் பறவையான ராஸ் டுராக்கோ ஒரு பெண்ணின் பெயர், செயின்ட் ஹெலினா ஆளுநரின் மனைவி. ராஸ் 128 என்ற விண்மீன் ஒரு அமெரிக்க வானியலாளருடையது. டாஸ்மேனியாவில் ராஸ் என்று ஒரு ஊர், கைதிகள் 1836-ல் கட்டி முடித்த கல் பாலத்தோடு இருக்கிறது.

ப்ராஜெக்டில் கட்டாயம் வழுக்கக்கூடிய இடம் ராஸ் ரிவர் காய்ச்சல். ஆஸ்திரேலியாவில் கொசுவால் பரவுகிற நோய். கொசு, காய்ச்சல், ராஸ் மூன்றும் ஒரே வரியில் வந்ததும் ரொனால்டைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிடுவார்கள். அந்த வைரஸ் 1959-ல் டவுன்ஸ்வில் ஊரின் ராஸ் ஆற்றுப் பக்கம் பிடித்த கொசுக்களில் கிடைத்தது, ஆற்றின் பெயர் அங்கே குடியேறிய வேறொரு ராஸால் வந்தது. ரொனால்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பயணத்துக்கு வருவோம். ஏஜென்டிடம் போனில் பேசாதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள்: எந்த ஜெட்டி, தீவின் இப்போதைய பெயர் என்ன, படகு டிக்கெட்டோடு நுழைவுக் கட்டணமும் சேர்ந்ததா, கடல் கொந்தளித்துப் படகு நின்றால் பணம் எவ்வளவு திரும்பும், தீவுக்கு வார விடுமுறை எந்தக் கிழமை. ஐந்துக்கும் எழுத்தில் பதில் வந்தால் அட்வான்ஸ் கட்டுங்கள். “நேர்ல பார்த்துக்கலாம் மேடம்” என்று வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். போர்ட் பிளேரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, ஜெட்டிக்கு நேரில் போய் நீங்களே டிக்கெட் எடுக்கலாம்.

வயதானவர்களோடு போவதால் அபர்தீன் ஜெட்டி ராஸ் தீவே போதும், அதுவும் காலைப் படகில். மேட்டுப் பாதையில் நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு. மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் இறங்கியதும் முதலில் அதற்கு வரிசையில் நில்லுங்கள்.